பதினான்காம் எண் மேஸ்

வெர்னா பெட்ஸ்கா கை தட்டி யாரும் பார்த்ததில்லை. ப்ரென்னர் கல்லூரியின் கூடைப்பந்து அணி சொந்த அரங்கில் ஆடும் ஒவ்வொரு ஆட்டத்திலும், நடுக்கோட்டுக்கு நேரே போட்ட நீள மேஜையில் நடு நாற்காலி அவளுடையது. இருபத்தொன்பது வருடமாக அப்படித்தான். நடுவர்கள் போடுகிற அதே கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை, முன்னால் ஸ்கோர் புத்தகம், கையில் ஒரு பென்சில், காதில் ஒரு பென்சில். மேலே மின்பலகை எதைக் காட்டினாலும் சரி, சட்டப்படி ஸ்கோர் என்பது வெர்னா எழுதியதுதான். தகராறு வந்தால் நடுவர் பலகையைப் பார்க்க மாட்டார், வெர்னாவைப் பார்ப்பார். அதனால் அந்தச் சட்டை உடம்பில் இருக்கும்வரை அவளுக்குச் சொந்த ஊரும் கிடையாது, சொந்த அணியும் கிடையாது. ஒரு வருடம் ப்ரென்னர் பையன் கடைசி நொடியில் பந்தைக் கூடையில் போட்டு, அரங்கமே எழுந்து குதித்தபோது, அவள் குனிந்து ‘இரண்டு’ என்று குறித்துக்கொண்டிருந்தாள்.

மற்ற நாட்களில் அவளுக்கு விளையாட்டுத் துறை அலுவலகத்தில் வேலை. சின்னக் கல்லூரியில் ஓர் ஆளுக்கு ஒரு வேலை என்பதெல்லாம் இல்லை. பஸ் ஏற்பாடு செய்வது, ஜெர்சிகளைத் துவைத்து எண்வாரியாக அடுக்குவது, ஆட்டத்துக்கு முன்னால் வீரர் பட்டியலை அச்சடித்து கோச்சிடம் கையெழுத்து வாங்குவது, எல்லாம் அவள்தான். அந்தப் பட்டியலைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவதும் அவள்தான். தானே கொடுத்துத் தானே வாங்கிக்கொள்கிற இந்த ஏற்பாட்டை யாரும் ஒரு நாளும் தவறாக நினைத்ததில்லை.

வயது அறுபத்தொன்று. கணவன் டெனிஸ் பன்னிரண்டு வருடம் முன்பு நெப்ராஸ்கா குளிர் மூட்டுக்கு ஆகவில்லை என்று அரிசோனா வெயிலைத் தேடிப் போனான். அங்கே வெயிலோடு சேர்ந்து ஒரு பெண்ணும் இருந்தாள். மூட்டு சரியாகிவிட்டதாகக் கேள்வி. அதற்குப் பிறகு வெர்னாவின் வீட்டில் சத்தம் என்றால் குளிர்பதனப் பெட்டியின் சத்தம்தான். சில சனி ஞாயிறுகளில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையில் பேசிய ‘பை வேண்டாம்’ என்பதே கடைசிப் பேச்சாகி, திங்கள் காலை தொண்டையைச் செருமிக்கொண்டுதான் அலுவலகத்தில் வாயைத் திறப்பாள்.

குவின்டன் மேஸ் வந்த பிறகு இரண்டு வருடம் அப்படி இல்லை.

அவன் இண்டியானாவில் கேரி நகரத்துப் பையன். பதினான்காம் எண் ஜெர்சி. பள்ளியில் ஆடும்போது குட்டையாக இருந்தான் என்று பெரிய பல்கலைக்கழகங்கள் எதுவும் அவனை எட்டிப் பார்க்கவில்லை. ப்ரென்னருக்கு வந்த முதல் வருடமே நான்கு அங்குலம் வளர்ந்துவிட்டான். நவம்பரில் நன்றி நாள் விடுமுறைக்கு விடுதியை மூடினார்கள். ஊருக்குப் போக அவனுக்கு வழியில்லை. சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தவனை வெர்னா சாப்பிடக் கூப்பிட்டாள். கொத்துக்கறியும் பீன்ஸும் போட்டுக் காரமாகக் காய்ச்சிய சில்லி, கூடவே ஊர் வழக்கப்படி சர்க்கரைப் பூச்சோடு இலவங்கப்பட்டை ரோல். அவன் தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

“மிஸ் வெர்னா, தப்பா நினைக்காதீங்க. காரக் கொழம்புல கேக்கத் தொட்டுத் தின்ற ஊர நான் இப்பத்தான் பாக்குறேன்.”

“தொட்டுத் தின்னுட்டு அப்புறம் பேசு.”

தின்றான். நான்கு ரோல் தின்றான். அன்றிலிருந்து ஞாயிறு தோறும் மதியம் வருவான். காலணியை வாசலில் கழற்றிவிட்டு, காலுறையோடு சமையலறையில் சறுக்கிக்கொண்டே பேசுவான். அவள் எழுதிய புத்தகத்தைப் புரட்டி, “இந்த ஃபவுல் நான் பண்ணல, நடுவருக்குக் கண்ணு தெரியல,” என்பான். “புத்தகத்துல இருந்தா நீ பண்ணுனதுதான்,” என்பாள் அவள். வெர்னாவுக்கு வாரத்தில் இரண்டு இடம் இருந்தது, மேஜையில் அந்த நாற்காலி, ஞாயிற்றுக்கிழமை சமையலறை. வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் வருடம் அவன் ஒரே ஆட்டத்தில் நாற்பத்தொரு புள்ளி போட்டான். அந்த வசந்தத்தில், வேறு கல்லூரிக்குப் போக விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கும் பட்டியலில் பெயர் கொடுத்தான். மூன்றே நாளில் தெற்கே ஒரு பெரிய பல்கலைக்கழகம் அழைத்தது. அரங்கில் பதினைந்தாயிரம் பேர் உட்காரலாம், ஆட்டம் தொலைக்காட்சியில் வரும், அணி விமானத்தில் போகும். மே மாதம் அட்டைப்பெட்டியோடு அவள் வாசலில் நின்றான். “ஒவ்வொரு ஞாயிறும் போன் பண்றேன் மிஸ் வெர்னா,” என்றான். ஆகஸ்ட் வரை பண்ணினான். செப்டம்பரில் இரண்டு முறை. அப்புறம் இல்லை. அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆட்டம் ஒவ்வொன்றும் முடிந்ததும் கணினியில் புள்ளி விவரத்தைத் திறப்பாள். மேஸ், ஆடவில்லை. மேஸ், இரண்டு நிமிடம். மேஸ், ஆடவில்லை.

ப்ரென்னரின் பட்டியல் கோப்பில் அவன் பெயர் அப்படியே இருந்தது. போனவர்கள் வரியை நீக்குவதுதான் வழக்கம். மற்ற நான்கு பேரை நீக்கினாள், அவனை நீக்க மனம் வரவில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் ‘14 மேஸ்’ என்ற வரியின் மேலேயே, அவன் இடத்துக்கு வந்த ‘24 ஆல்ட்மன்’ என்று அடித்து, அச்செடுத்து, சேமிக்காமல் மூடுவாள். மறுமுறை திறந்தால் மேஸ் அங்கேயே உட்கார்ந்திருப்பான். சோம்பேறித்தனம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இருபத்தொன்பது வருடத்தில் சோம்பேறித்தனம் என்று வெர்னாவை யாரும் சொன்னதில்லை.

ஜனவரியில் புது விளையாட்டு இயக்குநர் ஸ்டூவர்ட் க்லைன் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் புன்னகையோடுதான் பறிப்பார்.

“வெர்னா, மத்த காலேஜ்ல எல்லாம் கம்ப்யூட்டர்ல எழுதுறாங்க. படிக்கிற பசங்களே உக்காந்து பண்ணிடுறாங்க. உங்களுக்கும் ஒரு ஓய்வு கிடைக்கும்.”

“நான் ஓய்வு கேக்கலையே.”

“இல்ல, சும்மா சொன்னேன். ஒரு தப்பும் வராத வரைக்கும் நான் கை வைக்க மாட்டேன். இந்த சீசன் பாப்போம்.”

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். அந்த நாற்காலியும் போனால் தன்னிடம் என்ன மிஞ்சும் என்று எண்ணிப் பார்த்தாள். எண்ணுவதற்கு அதிகம் இல்லை.

பிப்ரவரியில் மார்ல்பி கல்லூரி அணி ஆட வந்தது.

மார்ல்பி பதினெட்டு மைல் தள்ளி இருக்கிறது. இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே இறைச்சி ஆலையில் வேலை பார்க்கிறார்கள், ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் எடுக்கிறார்கள், ஒரே பல் மருத்துவரிடம் போகிறார்கள். ஆட்டத்தன்று மட்டும் புருஷன் இந்தப் பக்கம், பெண்டாட்டி அந்தப் பக்கம். ப்ரென்னர் மாடு மேய்க்கிறவர்கள் கல்லூரி என்று காட்ட மார்ல்பி மாணவர்கள் உழவர் ஆடையில், வாயில் வைக்கோலோடு வருவார்கள். மார்ல்பியிடம் ப்ரென்னர் தோற்க ஆரம்பித்து ஆறு வருடம் ஆகியிருந்தது. இந்த வருடம் ஜெயிக்கலாம் என்று ஊரே நம்பியது.

சனிக்கிழமை மதியம். ஆட்டம் மூன்று மணிக்கு. இரண்டு மணிக்கே மார்ல்பி மாணவர்கள் உள்ளே நுழைந்து தரையை உதைக்கத் தொடங்கிவிட்டார்கள். இந்த வருடத்துக்கென்று புதுக் கோஷம் தயாரித்து வந்திருந்தார்கள்.

“மேஸ் எங்கே? மேஸ் எங்கே?”

அலுவலகத்தில் கணினி முன்னால் இருந்த வெர்னாவுக்குச் சுவர் வழியே கேட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று அவளுக்குத் தோன்றியது. தெற்கே, ஒரு பெரிய அரங்கில், நீள பெஞ்சின் கடைசியில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு. கை தன்பாட்டுக்குக் கோப்பைத் திறந்தது, அச்சுப் பொத்தானை அழுத்தியது. கோச் டை பிரான்ட்வால்ட் தாளைச் சுவரில் வைத்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். வெர்னா கொடுத்த தாளை அவர் என்றைக்கும் பார்த்ததில்லை.

மேஜையில் மார்ல்பியின் ஸ்கோர் எழுதும் ராய் ஸ்டெங்கல் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். வந்த அணியின் எழுத்தரும் பக்கத்தில் அமர்ந்து தனியாக ஒரு புத்தகம் எழுதுவார். இருவரும் அவ்வப்போது சரிபார்த்துக்கொள்வார்கள். ராய்க்கு எழுபது வயது, தடிக் கண்ணாடி. வருடத்தில் இரண்டு நாள், இருபத்தொன்பது வருடம், இருவரின் முழங்கையும் இடித்துக்கொண்டிருந்திருக்கின்றன.

“என்ன வெர்னா, எங்க பசங்க இன்னிக்குக் கொஞ்சம் இரக்கப்பட்டுத்தான் ஆடுவாங்க.”

“இரக்கத்த மிச்சம் வச்சுக்கோ ராய். திரும்பிப் போறப்ப பஸ்ல அழுவீங்கல்ல, அப்ப தேவைப்படும்.”

அவள் பட்டியலைப் படித்தாள், அவர் எழுதினார். “பதினொண்ணு, ஹார்ம்ஸ்.” “ஆச்சு.” “பதினாலு, மேஸ்.” “ஆச்சு.” “பதினேழு, லிண்ட்.” “ஆச்சு.” இரண்டு வருடம் அதே வரிசையில் சொல்லி, அதே வரிசையில் எழுதிய பெயர். சொன்னவள் காதிலும் உறுத்தவில்லை, கேட்டவர் காதிலும் உறுத்தவில்லை. மேஸ் எங்கே என்று இருநூறு பேர் கத்திக்கொண்டிருக்க, இருவரும் அவனைத் தங்கள் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டார்கள்.

ஆட்டம் நல்ல ஆட்டம். நான்கு நிமிடம் மிச்சம் இருக்கையில் இரண்டு பக்கமும் அறுபத்தாறு. ப்ரென்னரின் ஹார்ம்ஸுக்கு ஐந்தாவது ஃபவுல், வெளியே போக வேண்டும். அவனுக்குப் பதிலாகக் கோடி ஆல்ட்மன் மேஜைக்கு ஓடி வந்து மண்டியிட்டான்.

“பதினொண்ணுக்குப் பதிலா இருபத்துநாலு, மேடம்.”

வெர்னாவின் பென்சில் பெயர் வரிசையில் கீழே இறங்கியது. இருபத்துநாலு இல்லை. மறுபடி மேலிருந்து வந்தது. பதினாலு, மேஸ். இன்று மேஸ் மேல் ஆல்ட்மனை அடிக்காமலே அச்செடுத்திருக்கிறாள்.

பட்டியலில் இல்லாத எண்ணோடு ஒருவன் உள்ளே போனால் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. யாரும் மறிக்காமல், கோட்டில் நின்று நிதானமாகப் போடுகிற பந்து. மார்ல்பியில் அதைத் தவறவிடுகிறவன் கிடையாது.

காலியாக ஒரு வரி இருந்தது. பென்சில் கையில் இருந்தது. இருபத்துநாலு ஆல்ட்மன் என்று எழுத மூன்று நொடி போதும். அவள் பக்கவாட்டில் பார்த்தாள். ராயும் தன் புத்தகத்தில் விரலை வைத்து அதே வரியில் நின்றிருந்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு அரையடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. தேவைக்கு மேல் துடைத்தார்.

எதிரே பிரான்ட்வால்ட், அவருக்குப் பின்னால் க்லைன், அதற்கும் மேலே ஊர் முழுக்க. அவர்களில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. நாற்காலி அவளிடமே இருக்கும். அவளுக்கு அந்த நாற்காலி வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று அந்த நொடியில் உடம்பு முழுக்கத் தெரிந்தது. ஆனால் அந்த நாற்காலி எதற்காக இருக்கிறதோ அதைச் செய்யாமல் அதில் உட்கார்ந்திருக்க அவளுக்குத் தெரியவில்லை.

ஹாரன் பொத்தானை அழுத்தினாள். நடுவர் ஹாலரன் ஓடி வந்தார்.

“இருபத்துநாலு புத்தகத்துல இல்ல,” என்றாள்.

“காப்பி பண்ணதுல விட்டுப்போச்சா, இல்ல கோச் கொடுத்த லிஸ்ட்லயே இல்லையா?”

எழுதியதில் பிழை என்றால் தண்டனை இல்லை. அவள் கோச் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து நீட்டினாள். ஹாலரன் படித்தார். ஒரு நொடி அவளைப் பார்த்துவிட்டு விசிலை வாயில் வைத்தார்.

விஷயம் மார்ல்பி பக்கம் எட்ட அரை நிமிடம்தான் ஆனது. கோஷம் மாறியது. “மேஸ் இங்கே! மேஸ் இங்கே!” உழவர் ஆடைப் பையன்கள் மேஜையைக் கை நீட்டிக் காட்டினார்கள். வெர்னா குனிந்து, இரண்டு ஃப்ரீ த்ரோவையும் உள்ளே போனதாகக் குறித்தாள். கடைசியில் எழுபத்தொன்று, எழுபது. மார்ல்பி ஜெயித்தது.

ராய் தன் புத்தகத்தை மூடி அவளுடையதில் கையெழுத்துப் போட்டார். “பாதித் தப்பு என்னோடது வெர்னா. நானும்தானே எழுதினேன்.”

“உன் பாதிக்கு யாரும் உன்னை வெரட்ட மாட்டாங்க ராய். போ, பஸ் கெளம்பிடும்.”

பிரான்ட்வால்ட் வந்தபோது அரங்கு காலியாகிவிட்டிருந்தது. அவர் சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

“ஒரு பென்சில் கோடு வெர்னா. அவ்வளவுதானே.”

“இந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு என்னால முடியாது கோச்.”

“சட்ட எந்த ஊர்ல தச்சதுன்னாவது யோசிச்சிருக்கலாம்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்குப் பின்னாலேயே புன்னகையோடு வந்தார் க்லைன். அடுத்த ஆட்டத்திலிருந்து கணினியோடு ஒரு மாணவி உட்காருவாள். அலுவலக வேலைக்கு ஒன்றும் குறையில்லை, அது எப்போதும் போல என்றார். வெர்னா சட்டையை வீட்டுக்கு எடுத்துப் போய்த் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைத்தாள். இனி யாருக்கும் அந்த அளவு சேராது.

மறுநாள் ஞாயிறு. பெரிய பாத்திரம்தான் கைக்கு வந்தது, அதிலேயே சில்லி வைத்தாள். ஒரு மணிக்கு போன் அடித்தது.

“மிஸ் வெர்னா.”

அவள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

“நேத்து ஸ்கோர் பாத்தேன். ப்ரென்னர் லிஸ்ட்ல என் பேரு இருக்கு. பதினாலு மேஸ், ஆடவில்லைன்னு போட்டிருக்கு.” சிரித்தான். “நேத்து இங்கயும் எங்களுக்கு மேட்ச். இங்கயும் மேஸ், ஆடவில்லை. ஒரே நாள்ல ரெண்டு டீம்ல பெஞ்சுல உக்காந்த மொத ஆளு நான்தான்.”

“சாப்டியா?”

“இல்ல. நீங்க என்ன செஞ்சிருக்கீங்க?”

“உனக்கே தெரியும்.”

அவன் குரல் இறங்கிவிட்டது. “இங்க நான் யாருன்னு யாருக்கும் தெரியாது மிஸ் வெர்னா. ரூம்ல ஒருத்தன் இருக்கான், காதுல மாட்டுனத கழட்ட மாட்டான். நான் திரும்பி வந்துறலாம்னு இருக்கேன். சீசன் முடிஞ்சதும் பேர் கொடுத்தா அடுத்த வருஷம் அங்க ஆடலாம். ஞாயித்துக்கிழமை வழக்கம்போல வரலாம்ல? என் பதினாலு இன்னும் இருக்குல்ல?”

இருந்தது. உடைமாற்றும் அறைக்குப் பின்னால், அலமாரியின் மேல் தட்டில், துவைத்து மடித்து, அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. யாருக்கும் கொடுக்கவில்லை. வா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த இலையுதிர் காலம் இந்தச் சமையலறையில் காலுறைச் சறுக்கல் கேட்கும். அந்த வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. அவன் ஆட்டத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை என்பதை அவள் கவனித்தாள். யார் ஆடுகிறார்கள், கோச் என்ன சொல்வார், எதுவும் இல்லை. அவனுக்குத் தனிமை தாங்கவில்லை, அவ்வளவுதான். குளிர்காலக் காலை ஆறு மணிக்குக் காலி அரங்கில் ஐந்நூறு பந்து போட்டுவிட்டு வகுப்புக்குப் போனவன் அவன். இந்தச் சாப்பாட்டுக்காக அவன் திரும்பி வந்தால் அதை யார் சந்தோஷத்துக்காக என்று புத்தகத்தில் எழுதுவது? அவன் வர வேண்டும் என்று அவள் ஆசைப்பட்ட ஆசையில், அவனுக்கு எது நல்லது என்று சொல்ல அவளுக்கு யோக்கியதை இல்லை என்று அவளுக்கே தெரிந்தது.

“அது பழைய லிஸ்ட், கண்ணு. பதினாலு போயிடுச்சு,” என்றாள். “ஆல்ட்மனுக்குக் கொடுத்தாச்சு. கோச் அவன வச்சுத்தான் அடுத்த வருஷ டீமையே கட்டுறார். உனக்கு இங்க எடம் இல்ல.”

“ஓ.”

“அங்கயே இரு. ரெண்டு நிமிஷம் விட்டா ரெண்டு நிமிஷம் ஆடு. காதுல மாட்டுனத அவன் கழட்டலன்னா நீ போய்க் கழட்டு.”

“சரிங்க மிஸ் வெர்னா.” அப்புறம், “ஞாயித்துக்கெழம போன் பண்றேன்,” என்றான். அவள் சரி என்றாள்.

போனை வைத்த பிறகு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். சில்லி அடிப்பிடித்தது.

திங்கள் காலை பயிற்சிக்கு முன்னால் கோடி ஆல்ட்மனைக் கூப்பிட்டாள். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். சனிக்கிழமை நடந்தது தன்னால்தான் என்று பாவம் அவனும் நினைத்துக்கொண்டிருந்தான். அவள் மேல் தட்டிலிருந்து ஜெர்சியை எடுத்து நீட்டினாள்.

“இனிமே இதுதான் உன் நம்பர். இருபத்துநால கழட்டிக் கொடு.”

“இது மேஸோடதுல்ல, மேடம்?”

“இப்ப உன்னோடது. கோச்கிட்ட நான் சொல்லிக்கிறேன். போட்டுப் பாரு.”

போட்டுக்கொண்டான். தோளில் சற்றுத் தொளதொளவென்று இருந்தது. அவனைத் திருப்பி நிறுத்தி முதுகில் சுருக்கத்தை நீவிவிட்டாள். நேற்று போனில் சொன்னது இப்போது பொய் இல்லை. அதனால் மனசு கொஞ்சம்கூட லேசாகவில்லை.

“சரியா இருக்கு,” என்றாள். “போ, விசில் அடிச்சிட்டாங்க.”